பூனைக்குப் பல் தேய்க்க: பிரஷைக் கையில் எடுக்கும் முன்பும் பின்பும்

பூனையின் வாய் நாறினால், ‘மீன் தின்கிற வாய் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது வழக்கம். நல்ல நிலையில் உள்ள பூனையின் வாயில் தின்ற சிறிது நேரம் மட்டும் உணவின் வாசம் இருக்கும், பிறகு போய்விடும். தின்று பல மணி நேரம் கழித்து அது கொட்டாவி விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றினால் அந்த வாடைக்குக் காரணம் மீன் அல்ல. பெரும்பாலும் ஈற்றோரத்தில் கிருமிகள் குடியேறிவிட்டன என்று அர்த்தம்.

வீட்டில் நாம் தேய்த்து எடுக்கப்போவது எதை என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே எச்சிலும் கிருமிகளும் சேர்ந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படியத் தொடங்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, தொட்டால் வழவழக்கும். ஈரத்துணி கொண்டு துடைத்தாலே வந்துவிடும். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் ஏறி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். காரை பிரஷுக்கு அசையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பூனையைப் பிடித்துவைத்து ஐந்து நிமிடம் தேய்ப்பவர்களின் பாடு வீணாவது இதனால்தான். அடுத்த ஞாயிறு வருவதற்குள் படலம் இரண்டு தடவை இறுகியிருக்கும். தினமும் முப்பது விநாடி தேய்த்தால் போதும். முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள். அதற்கும் குறைந்தால் பலன் பெயரளவுக்குத்தான்.

முதலில் வாயைப் பாருங்கள்

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள்: மேலே 16, கீழே 14. குட்டிக்கு 26 பால் பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் பால் பற்கள் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஏழு மாதம் ஆகியும் ஒரே இடத்தில் இரண்டு கோரைப் பற்கள் ஒட்டி நின்றால் பழையதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உணவும் படலமும் சிக்கி, நல்ல பல்லும் சேர்ந்து கெடும்.

பார்ப்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பூனை பாதித் தூக்கத்தில் இருக்கும்போது, வெளிச்சம் அதன் கன்னத்தில் விழும்படி உட்கார்ந்து, உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலே, சற்றுப் பின்னால் தள்ளினால் கடைவாய்ப் பற்கள் வரை தெரியும். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், பல்லைச் சுற்றிக் கச்சிதமாக ஒட்டியிருக்க வேண்டும். பல்லோடு சேரும் விளிம்பில் மட்டும் சிவப்புக் கோடு ஓடினால் ஈறு அழற்சி தொடங்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுவதும் சரியாகும். ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்துவிட்டால் போன எலும்பு திரும்பாது, மேலும் போகாமல் காக்கத்தான் முடியும். செம்மஞ்சள் நிறப் பூனைகளின் உதட்டிலும் ஈற்றிலும் வயது ஏற ஏறக் கறுப்புப் புள்ளிகள் வரும். தட்டையாக இருக்கும்வரை அவை வெறும் மச்சம்தான். ஈறு வெளுத்துப்போயிருந்தாலோ மஞ்சளாக இருந்தாலோ அது பல் சம்பந்தப்பட்டது அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

பூனைகளுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு: பல் கரைதல். நமக்கு வருவதுபோல் சொத்தை பூனைக்குப் பொதுவாக வருவதில்லை. ஆனால் அதன் உடலில் உள்ள செல்களே பல்லின் வேரையும் அடிப்பாகத்தையும் அரித்துக் கரைக்கும். வெளியிலிருந்து பார்த்தால், ஈறு பல்லின் மேல் சிறு நாக்குபோல் ஏறி வளர்ந்திருக்கும், அல்லது ஈற்றோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் ஏதாவது பட்டதும் கீழ்த்தாடை படபடவென்று நடுங்கும். இது வலியின் அடையாளம். தவறாமல் தேய்த்து வளர்த்த பூனைக்கும் இது வரும், ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்தப் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நீக்குவதுதான் வழி.

வலியை மறைப்பதில் பூனையை மிஞ்ச ஆள் இல்லை. சாப்பிடுகிறதே, பிறகென்ன வலி என்று நினைக்கக் கூடாது. பல் ஆடிக்கொண்டிருக்கும் பூனையும் சாப்பிடத்தான் செய்யும், சாப்பிடும் விதம்தான் மாறும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே பக்கத்தில் மெல்லும். வாயில் எடுத்த உலர் தீவனத்தைக் கீழே போடும். தட்டுக்கு ஆவலாக வந்து, ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சீறும். முன்காலால் வாயைத் தேய்க்கும், எச்சில் ஒழுகும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து முதுகு ரோமம் சடை விழும். கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ஓயாமல் சளி வந்தால் மேல் கோரைப் பல்லின் வேரைச் சந்தேகிக்கலாம், வேருக்கும் மூக்குக்கும் நடுவில் மெல்லிய எலும்புதான் இருக்கிறது. வாயின் பின்பகுதி, தொண்டையை ஒட்டிய மடிப்புகள் ரத்தச் சிவப்பாகப் புண்ணாகியிருந்தால் அது தீவிர வாய் அழற்சி. அந்த வாயில் பிரஷ் படவே கூடாது. கடைவாய்ப் பற்கள் முழுவதையும், சில பூனைகளுக்கு எல்லாப் பற்களையுமே எடுப்பதுதான் அதற்கு இன்றைக்குச் செய்யப்படும் முக்கியச் சிகிச்சை.

இவற்றில் ஏதாவது தென்பட்டால் பிரஷ் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வலிக்கிற வாயில் ஒரே ஒரு தடவை பிரஷ் வைத்தாலும், பிரஷ் என்றால் வலி என்று பூனை முடிவு கட்டிவிடும், அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு. முதலில் சிகிச்சை, ஆறிய பிறகு தேய்ப்பு. பல் விழுந்து முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதக் குட்டிகளுக்கும் ஈறு நோகும். அந்த நாட்களில் உதட்டைத் தூக்கிப் பார்க்க மட்டும் பழக்கினால் போதும்.

என்னென்ன வேண்டும்

தலை மிகச் சிறியதாக, தூரிகை மிக மென்மையாக உள்ள பூனைப் பிரஷ். கிடைக்காவிட்டால் கைக்குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நாய்க்குச் சரி, பூனையின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அந்தத் தடிமன் நுழையாது. நுழைந்தாலும் ரப்பர் முட்கள் ஈற்றோரத்தை எட்டாது, போதாததற்கு விரல் முழுவதும் பூனையின் பற்களுக்கு நடுவில் இருக்கும். தொடக்கத்துக்கு ஆள்காட்டி விரலில் சுற்றிய மெல்லிய காஸ் துணி அதைவிட நல்லது. சின்ன வாய் உள்ள பூனைக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சிகூட உதவும்.

பேஸ்ட் பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும், கோழி அல்லது மீன் சுவையில் கிடைக்கும். நம் பேஸ்டில் ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் இருக்கின்றன. நாம் துப்பிவிடுகிறோம், பூனை அத்தனையும் விழுங்கும். புதினா வாடை அதற்குப் பிடிக்காது என்பது வேறு. பேஸ்ட் கிடைக்காத நாளில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். படலத்தை எடுப்பது பேஸ்ட் அல்ல, உரசல்தான். பேஸ்டின் வேலை பூனையைச் சம்மதிக்க வைப்பது.

வீட்டு வைத்தியம் என்று வேறு எதையும் முயல வேண்டாம். சமையல் சோடாவில் சோடியம் மிக அதிகம், விழுங்கினால் வயிற்றையும் கெடுக்கும். கிராம்புத் தைலமும் டீ ட்ரீ தைலமும் பூனைக்கு விஷம், அவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. அதே காரணத்தால்தான் பல்வலிக்கு இருக்கட்டும் என்று கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும். எலுமிச்சைச் சாறு பற்சிப்பியை அரிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

பழக்குவதற்கு மூன்று வாரம்

சிலது ஒரே வாரத்தில் படியும், சிலதுக்கு ஒன்றரை மாதம் ஆகும். மூன்று வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அவசரப்பட மாட்டோம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, பூனைக்குப் பசி எட்டிப்பார்க்கும் நேரமே சிறந்தது. தேய்த்து முடித்ததும் சாப்பாடு வரும் என்று அது கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘தேய்த்த பிறகு தின்னலாமா?’ என்றால், தாராளமாக. அந்தப் படலம் உணவுத் துணுக்கு அல்ல, கிருமிக் கூட்டம். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கலைத்தால் போதும்.

முதல் நான்கைந்து நாள் பிரஷை மறந்துவிட்டு, பட்டாணி அளவு பேஸ்டை விரல் நுனியில் வைத்து நக்கக் கொடுங்கள். நக்காவிட்டால் வேறு சுவையை வாங்கிப் பாருங்கள். எந்தச் சுவையும் பிடிக்காத பூனைக்கு, வெங்காயமும் பூண்டும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் தண்ணீர் பேஸ்டின் வேலையைச் செய்யும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், துளி கூடக் கூடாது.

அடுத்த சில நாட்கள் தாடையைத் தடவிக்கொண்டே உதட்டைத் தூக்கி இரண்டு விநாடியில் விட்டுவிடுங்கள். பூனைக்குத் தாடையோரம் சொறிந்துவிட்டால் பிடிக்கும், அதிலிருந்தே தொடங்கினால் கை வருவதை அது எதிர்க்காது. இரண்டு பக்கமும் தூக்க விட்டதும், விரலில் பேஸ்ட் தடவி மேல் கோரைப் பல்லை ஒருமுறை தொடவும். பிறகு கோரைப் பல்லிலிருந்து பின்னால், கன்னத்துக்குள் விரலை வழுக்கவும். இரண்டாவது வாரக் கடைசியில் விரலில் காஸ் துணியைச் சுற்றி அதே வழியில் போகவும். இந்த நிலையிலேயே படலம் வரத் தொடங்கிவிடும், துணியில் மஞ்சள் கறை தெரியும்.

மூன்றாவது வாரம் பிரஷ். முதல் நாள் பிரஷின் மேல் இருக்கும் பேஸ்டை நக்கட்டும், அவ்வளவே. கடிக்கிறதா, கடிக்கட்டும். மறுநாள் ஒரு பல், அதற்கு மறுநாள் இரண்டு பல்.

ஒவ்வொரு நாளும், பூனை எழுந்து போவதற்கு முன்பு நீங்கள் நிறுத்திவிட வேண்டும். வால் நுனி விசிறினாலோ, காது பக்கவாட்டில் படுத்தாலோ, முதுகுத் தோல் அலைபோல் துடித்தாலோ, அதோடு சரி. அடுத்த நாள் ஒரு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வைத்துத் தேய்ப்பதும், துண்டில் சுருட்டித் தேய்ப்பதும் இன்றைக்கு நடக்கும், நாளை பிரஷ் இருக்கும் அலமாரி திறக்கும் சத்தத்துக்கே பூனை கட்டிலுக்கடியில் போய்விடும்.

தேய்க்கும் விதம்

பூனைக்கு எதிரே நிற்காதீர்கள். முகத்துக்கு நேரே வரும் கை அதற்குத் தாக்குதலாகத் தெரியும். தரையில் மண்டியிட்டு, பூனையின் பின்பக்கம் உங்கள் தொடைகளுக்கு நடுவில் இருக்கும்படி உட்காரவைத்தால் அது பின்வாங்க இடமிருக்காது, முன்னால் போக வழி திறந்திருக்கும். இடது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து, அதே கையின் கட்டைவிரலால் உதட்டைத் தூக்கவும். இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். தலையை மிக லேசாக மேலே சாய்க்கலாம், வாய் மூடியே இருக்கட்டும்.

பேஸ்டைத் தூரிகையின் மேல் சும்மா வைத்தால் பூனை முதல் நக்கலில் மொத்தத்தையும் எடுத்துவிடும். விரலால் தூரிகைக்குள் அழுத்திவிடுங்கள். தூரிகை ஈற்றின் விளிம்பை நோக்கி 45 பாகை சாய்வாக, பாதி பல்லிலும் பாதி ஈற்றிலும் படட்டும். கெடுவது அந்த விளிம்பில்தான், பல்லின் நுனியில் அல்ல. நல்ல நிலையில் உள்ள பூனைக்கு ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது, ஆகவே தூரிகையின் நுனி மட்டும் பட்டால் போதும். மிகச் சின்ன வட்டங்களாக, பென்சிலைப் பிடிப்பதுபோல் லேசான பிடியில் நகர்த்துங்கள். முஷ்டியால் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? மேல்வரிசையின் பின்பற்களின் வெளிப்பக்கம். எச்சில் சுரப்பிகளின் வாய் அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லை ஒட்டித் திறப்பதால் காரை அங்கேதான் முதலில், அதிகமாகப் படியும். பூனை எப்போது பொறுமை இழக்கும் என்று சொல்ல முடியாது, எனவே முக்கியமான இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும். அடுத்து மேல் கோரைப் பற்கள், அடுத்து கீழ்வரிசைப் பின்பற்கள். முன்னால் இருக்கும் பொடிப் பற்கள் கடைசியில். அந்த இடத்தில் பூனைக்குக் கூச்சம் அதிகம், அங்கே ஆரம்பித்தால் தும்மிவிட்டு ஓடிவிடும். ஒரு பக்கத்துக்குப் பத்து முதல் பதினைந்து விநாடி. நாக்கு படும் உட்பக்கத்தை விட்டுவிடலாம், சொரசொரப்பான நாக்கே அதை ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

தூரிகையில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் பதற வேண்டாம். லேசான அழற்சி உள்ள ஈறு முதல் வாரம் அப்படிக் கசியும், தினமும் மென்மையாகத் தேய்க்க நிற்கும். இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை, அல்லது ஒரே பல்லில் மட்டும் ரத்தம் வருகிறது என்றால் அந்தப் பல்லுக்கு வைத்தியம் தேவை. பிரஷை ஒவ்வொரு முறையும் அலசிக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு முன்பே நுனிகள் விரிந்துவிட்டால் உடனே மாற்றவும். ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனி பிரஷ் என்பதில் சமரசம் வேண்டாம், வாயைப் புண்ணாக்கும் வைரஸ்கள் எச்சில் வழியாகப் பரவும்.

தேய்க்கும்போது கடி விழுந்து தோல் கிழிந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஊசி போன்ற அந்தப் பற்கள் கிருமியை ஆழத்தில் இறக்கிவிடும். வெளியே சின்னத் துளையாகத் தெரிவது மறுநாள் கை முழுக்க வீங்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பிரஷே ஆகாது என்கிற பூனை

தொடவே விடாத பூனைகள் உண்டு, தத்தெடுத்த வயதான பூனைகள் பெரும்பாலும் இந்த ரகம். பிரஷுக்கு முழு மாற்று கிடையாது, பாதி மாற்றுகள் இருக்கின்றன. நம்பி வாங்கலாமா என்று பார்க்க ஓர் அடையாளம்: உறையில் வி.ஓ.ஹெச்.சி. முத்திரை. கால்நடைகளின் வாய் நலத்துக்கான இந்தக் குழு, படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருள்களுக்கே முத்திரை தருகிறது.

பற்களுக்கென்று தயாரிக்கும் உலர் தீவனம் இவற்றில் ஓரளவு வேலை செய்வது. துண்டுகள் பெரியவை, நார் பின்னிய அமைப்பு. பல் உள்ளே இறங்கும்வரை உடையாமல் பல்லின் பக்கங்களை உரசும். சாதாரண உலர் தீவனம் பல்லைச் சுத்தம் செய்யும் என்பது பழைய நம்பிக்கை. பல்லின் நுனி பட்டதுமே அது நொறுங்கிவிடுகிறது, ஈற்றோரம் வரை எட்டுவதில்லை. சிறுநீர்ப் பிரச்சினைக்காக ஈர உணவில் இருக்கும் பூனையைப் பல்லை நினைத்து உலர் தீவனத்துக்கு மாற்றினால் ஒன்றைக் காக்கப்போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வோம். பல் மிட்டாய் போலத் தரும் தின்பண்டங்கள் நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கால்நடை மருத்துவர் தரும் 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் ஜெல்லை உதட்டைத் தூக்கி ஈற்றோரத்தில் தடவிவிடலாம். கசக்கும் என்பதால் பல பூனைகள் நுரை தள்ளும், நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும். குடிநீரில் கலக்கும் மருந்து போடும்போது பக்கத்திலேயே கலக்காத தண்ணீரும் இருக்கட்டும். வாடை பிடிக்காமல் பூனை தண்ணீரே குடிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

எலும்பு, கொம்பு, கெட்டியான நைலான் பொம்மை எதுவும் வேண்டாம். பூனையின் கோரைப் பல்லில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ்ப்பகுதி ஏறக்குறைய நுனிவரை வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் உடைந்தாலும் அது திறந்துகொண்டு வேர்வரை சீழ் பிடிக்கும். வேகவைத்த எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையைக் குத்தும்.

காரை ஏறிவிட்ட பிறகு

நகத்தாலோ கருவியாலோ வீட்டில் சுரண்ட வேண்டாம். பெரிய துண்டு ஒன்று பொடுக்கென்று பெயர்ந்து வரும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் நோய் ஈற்றுக்கு அடியில் அப்படியே இருக்கும், கருவி பட்டு பற்சிப்பியில் விழுந்த கீறல்களில் அடுத்த படலம் முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்கள் செய்வதும் இதே சுரண்டல்தான். பல்லை வெள்ளையாக்கித் தருவார்கள், அந்த வெள்ளையை நம்பி நாமும் ஒரு வருடம் பேசாமல் இருந்துவிடுவோம்.

முறையான சுத்தம் முழு மயக்கத்தில் நடக்கும். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, மூச்சுக்குழாயில் குழாய் போட்டுத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமல் பாதுகாப்பு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் அளவுகோல் விட்டு ஆழம் பார்த்தல், எக்ஸ்ரே, ஈற்றுக்கு மேலும் கீழும் காரை நீக்கம், கடைசியில் மெருகூட்டல். எக்ஸ்ரே எடுப்பார்களா என்று கேட்டுவிட்டே நாள் குறியுங்கள். பல் கரைதல் பெரும்பாலும் வேரில் ஒளிந்திருக்கும், எக்ஸ்ரே இல்லாமல் செய்வது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதுதான்.

பல் எடுத்திருந்தால் பத்து முதல் பதினான்கு நாள் ஈர உணவு மட்டும், பிரஷும் பொம்மையைக் கடித்து இழுக்கும் விளையாட்டும் கிடையாது. உணவைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசம் எழும்பி, நோகும் வாயோடும் பூனை தட்டுக்கு வரும். 24 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். காயம் ஆறிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, பேஸ்டை விரலில் நக்கக் கொடுக்கும் முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். இந்த முறை மூன்று வாரம் ஆகாது. வாய் வலித்ததால் முன்பு முரண்டு பிடித்த பூனையாக இருந்தால், ஒரே வாரத்தில்கூடப் பிரஷுக்கு வந்துவிடும்.